சாவி யார் கையில்?

கிரிப்டோ நாணயத்தைப் பற்றிப் பேசாத கல்லூரி விடுதி இன்று அரிது எனலாம். கைப்பேசித் திரையில் ஏறியும் இறங்கியும் ஓடுகின்ற விலைக்கோட்டைக் காட்டி, “வாங்கலாமா, விற்கலாமா?” என்று கேட்கும் இளைஞர் பலரை நான் அறிவேன். அந்த வினாவுக்கு விடை கூறுவது என் நோக்கமன்று. ஆனால் அதற்கு முன்னரே கேட்கவேண்டிய வினா ஒன்றுண்டு. ஒரு நாணயத்தைக் கொடுத்து வேறொன்றைப் பெற எந்தச் சந்தைக்குச் செல்வது? அங்கே நம் பொருள் யாருடைய காவலில் இருக்கும்? இதனை விளங்கிக்கொள்ளாமல் உலகெங்கும் பல்லாயிரவர் தம் பொருளை இழந்து தவித்திருக்கின்றனர். ஆதலின், இருவகைச் சந்தைகளின் இயல்பையும் இன்று சற்று விரிவாகக் காண்போம்.

முதலில் அடிப்படையைத் தெளிவாக்கிக்கொள்வது நலம். சடோஷி நகமோட்டோ என்னும் புனைபெயரில் ஒருவர் 2008ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் ஒரு கட்டுரையை வெளியிட்டார். அதில் விவரித்த பிட்காயின் வலையமைப்பு 2009 ஜனவரியில் இயங்கத் தொடங்கியது. அதன் உயிர்நாடி ஒரு பொதுப் பேரேடு. யாரிடமிருந்து யாருக்கு எவ்வளவு சென்றது என்னும் கணக்கு, பல்லாயிரம் கணினிகளில் ஒரே படியாக எழுதி வைக்கப்படுகிறது. பிளாக்செயின் என்று சொல்வது இதனைத்தான். அந்தப் பேரேட்டில் உங்கள் பங்கை வேறொருவர் பெயருக்கு மாற்றவேண்டுமாயின், ஓர் இரகசியச் சாவி வேண்டும். அச்சாவி மிகப் பெரிய ஓர் எண். மனிதர் எழுதி வைத்துக்கொள்ள ஏற்றவாறு, பெரும்பாலும் அதனைப் பன்னிரண்டு அல்லது இருபத்து நான்கு சொற்களாக்கித் தருவர். சாவியை உடையவன் எவனோ அவனே நாணயத்தை ஆள்பவன். பேரேடு அவனுடைய பெயரையும் ஊரையும் கேட்பதில்லை. இந்த ஒரு செய்தியை மனத்தில் இருத்திக்கொண்டால், மற்றவை எளிதில் விளங்கும்.

முதல்வகைச் சந்தை மையச் சந்தை. ஒரு நிறுவனம் அதனை நடத்துகிறது. நீங்கள் உங்கள் அடையாளச் சான்றுகளைக் காட்டிக் கணக்குத் தொடங்குகிறீர்கள்; வங்கியிலிருந்து ரூபாயைச் செலுத்துகிறீர்கள். வாங்குவோர் கேட்கும் விலையும் விற்போர் சொல்லும் விலையும் ஓர் ஏட்டில் வரிசையாக நிற்கின்றன. இரண்டும் பொருந்தும் இடத்தில் வியாபாரம் முடிகிறது.

இதில் பலர் கவனிக்கத் தவறும் நுட்பம் ஒன்றுண்டு. ஊரார் தம் நெல்லை ஒரு பொதுக் கிடங்கில் ஒப்படைத்துச் சீட்டுப் பெற்றுக்கொள்வதாக வைத்துக்கொள்வோம். ஒருவர் மற்றொருவருக்கு இரண்டு மூட்டை விற்றால் மூட்டை நகர்வதில்லை; கிடங்குக்காரரின் கணக்குப் புத்தகத்தில் பெயர் மட்டும் மாறுகிறது. மையச் சந்தையில் நடப்பதும் இதுவே. நீங்கள் நாள் முழுதும் வாங்கி விற்றாலும், அது நிறுவனத்தின் சொந்தக் கணக்கில் எழுதப்படுகிறதே தவிர, பொதுப் பேரேட்டில் பொதுவாக ஏறுவதில்லை. இரகசியச் சாவியும் நிறுவனத்திடமே இருக்கிறது. உங்கள் கையில் இருப்பது சீட்டு. கேட்டபோது நெல் கிடைக்கும் என்னும் நம்பிக்கையே அச்சீட்டின் மதிப்பு.

கிடங்குக்காரர் யோக்கியராகவும் விழிப்புடையவராகவும் இருக்கும்வரை இந்த ஏற்பாட்டில் சௌகரியம் மிகுதி. கடவுச்சொல்லை மறந்தால் மீட்டுக்கொள்ளலாம். ஐயம் எழுந்தால் கேட்பதற்கு ஆள் உண்டு. பெருந்தொகையையும் விலை அதிகம் நகராமல் விற்கமுடியும். ஆனால் காவல் தளர்ந்தால் என்ன ஆகும்?

டோக்கியோ நகரில் இயங்கிய மவுண்ட் காக்ஸ் என்னும் சந்தை, ஒரு காலத்தில் உலகின் பிட்காயின் வியாபாரத்தில் பெரும்பகுதியை நடத்தியது. 2014ஆம் ஆண்டு பிப்ரவரியில் அது நொடித்தது. சுமார் 8,50,000 பிட்காயின்களைக் காணோம் என்று அறிவித்தது. பின்னர் அவற்றுள் ஏறத்தாழ 2,00,000 பழைய கணக்கு ஒன்றில் அகப்பட்டன. பணம் போட்டவர்களுக்கு நாணயமாகத் திருப்பித் தரும் வேலை 2024 ஜூலையில்தான் தொடங்கியது. பத்தாண்டுக் காத்திருப்பு!

அங்கே திருட்டு. எஃப்.டி.எக்ஸ் என்னும் சந்தையில் நேர்ந்ததோ நம்பிக்கைத் துரோகம். வாடிக்கையாளர் ஒப்படைத்த செல்வம், அதன் தலைவர் சாம் பேங்க்மன்-ஃபிரீடுக்கே சொந்தமான மற்றொரு நிறுவனத்துக்குத் திருப்பிவிடப்பட்டது. 2022 நவம்பரில் பலரும் ஒரே நேரத்தில் பணத்தைக் கேட்டபோது கிடங்கில் நெல் இல்லை. அடுத்த ஆண்டு அவர் குற்றவாளி எனத் தீர்ப்பாயிற்று. 2024 மார்ச்சில் இருபத்தைந்து ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. நாணயத்தின் விலை பின்னர் பெரிதும் உயர்ந்தபோதிலும், இழந்தவர்களின் உரிமை 2022 நவம்பர் விலையிலேயே கணக்கிடப்பட்டது.

நம் நாட்டிலும் இத்தகைய நிகழ்ச்சி உண்டு. 2024 ஜூலையில் வசீர்எக்ஸ் என்னும் இந்தியச் சந்தையிலிருந்து ஏறத்தாழ 23 கோடி டாலர் மதிப்புள்ள நாணயங்கள் களவுபோயின. ஓராண்டுக்கு மேல் அங்கே வியாபாரம் நின்றிருந்தது. திருடுபோனவை ஒருவகை நாணயங்கள். தம்மிடம் இருந்ததோ வேறு வகை. அப்படியிருக்க நட்டத்தை ஏன் தம்மீதும் பங்கிடவேண்டும் என்று வாடிக்கையாளர் ஒருவர் சென்னை உயர் நீதிமன்றத்தை அணுகினார். கிரிப்டோ நாணயம் என்பது சொத்தே என்றும், ஒருவருக்காக மற்றொருவர் பொறுப்பில் வைத்திருக்கத் தக்கதே என்றும் 2025 அக்டோபரில் நீதிமன்றம் கூறி, அவருக்கு இடைக்காலப் பாதுகாப்பு அளித்தது. சீட்டு வைத்திருப்பவனின் உரிமை எதுவரை செல்லும் என்னும் வினாவை இவ்வழக்கு நம் கண்முன் நிறுத்துகிறது.

மறுபுறத்தையும் சொல்லுதல் நியாயம். 2025 பிப்ரவரியில் பைபிட் என்னும் சந்தை சுமார் 150 கோடி டாலர் மதிப்புள்ள நாணயத்தைத் திருட்டில் இழந்தது. எனினும் கேட்டவர்களுக்குத் தருவதை அது நிறுத்தவில்லை. கடனும் உதவியும் பெற்றுக் குறையை நிரப்பியது. வலிமையுள்ள நிறுவனம் அடியைத் தாங்கும் என்பதும் இதனால் தெரிகிறது. ஆனால் எந்நிறுவனம் தாங்கும், எது சாயும் என்பதை வெளியிலிருப்பவர் முன்கூட்டி அறிவது எளிதன்று.

இனி மையமில்லாச் சந்தைக்கு வருவோம். எத்தீரியம் என்னும் வலையமைப்பு 2015இல் தொடங்கியது. கணக்கை மட்டுமன்றி நிரலையும் பொதுப் பேரேட்டில் பதித்து இயக்கலாம் என்பது அதன் சிறப்பு. “இன்னது வந்தால் இன்னதைக் கொடு” என்று எழுதிவிட்டால், அந்நிரல் இரவும் பகலும் அவ்வாறே செய்துகொண்டிருக்கும். 2018 நவம்பரில் தொடங்கிய யூனிஸ்வாப் இவ்வகைச் சந்தைகளுள் புகழ்பெற்றது.

இதில் கிடங்குக்காரர் இல்லை. அவருக்குப் பதிலாக நாணயக் குளங்கள் இருக்கின்றன. விருப்பமுள்ளவர்கள் இரண்டு வகை நாணயங்களை ஒரு குளத்தில் இட்டு வைக்கின்றனர். மாற்ற வருபவர் ஒன்றைப் போட்டு மற்றொன்றை எடுத்துக்கொள்கிறார். அவர் தரும் சிறு கட்டணம் குளத்தில் இட்டவர்களைச் சேர்கிறது. விலையை நிர்ணயிப்பது யார்? ஒரு சிறிய பெருக்கல் கணக்கு. இரு நாணயங்களின் அளவுகளையும் பெருக்கி வரும் தொகை மாறக்கூடாது என்பதே யூனிஸ்வாப்பின் தொடக்ககால விதி.

எடுத்துக்காட்டாக, ஒரு குளத்தில் 100 ஈத்தரும் 3,00,000 டாலர் நாணயமும் இருப்பதாகக் கொள்வோம். பெருக்குத்தொகை மூன்று கோடி. ஓர் ஈத்தரின் விலை 3,000 டாலர் என்பது தெளிவு. கட்டணத்தை விட்டுவிட்டுக் கணக்கிடுவோம். ஒருவர் ஓர் ஈத்தரை இட்டால் குளத்தில் 101 ஆகும். பெருக்குத்தொகை மாறாதிருக்க அவருக்குச் சுமார் 2,970 டாலர் கிடைக்கும். ஒரே தடவையில் 25 ஈத்தரை இட்டாலோ குளத்தில் 125 ஆகும். டாலர் 2,40,000ஆகக் குறையவேண்டும். ஆகவே அவர் பெறுவது 60,000. முன்னைய விலைப்படி 75,000 வரவேண்டுமன்றோ? சிறு குளத்தில் பெரிய மாற்றம் செய்பவர் இவ்வாறு இழக்கிறார். இதில் மோசடி ஏதுமில்லை. ஆயினும் கணக்கை அறியாதவருக்கு நட்டம் நட்டமே.

இச்சந்தையில் உங்கள் சாவி உங்களிடமே இருக்கிறது. மாற்றம் நிகழும் கணத்தில் மட்டும் நாணயம் கைமாறுகிறது. எஃப்.டி.எக்ஸ் சாய்ந்த நாட்களிலும் யூனிஸ்வாப்பின் நிரல் தன் கணக்கைத் தவறாமல் செய்துகொண்டிருந்தது. நெல்லைக் கடத்த அங்கே கிடங்குக்காரர் ஒருவர் இல்லை.

இதனைக் கேட்டதும், “அப்படியானால் இதுவே சிறந்தது” என்று முடிவுகட்டத் தோன்றும். பொறுத்துக் கேளுங்கள். காவலன் இல்லாத வீட்டில் காவல் வேலையும் நம்முடையதே. பன்னிரண்டு சொற்களைத் தொலைத்துவிட்டால் மீட்டுத் தருவார் எவருமிலர். அவற்றைப் பிறர் அறிந்துவிட்டால், நாணயம் சென்றபின் புகார் சொல்லித் திரும்பப் பெறும் வழியும் அரிது. எவர் வேண்டுமானாலும் எப்பெயரிலும் நாணயம் ஒன்றை உண்டாக்கிக் குளம் அமைக்கலாம் ஆதலால், புகழ்பெற்ற பெயரைச் சூட்டிய போலிகள் மலிந்திருக்கின்றன. நீங்கள் செய்யவிருக்கும் மாற்றம் பேரேட்டில் ஏறுமுன்பே அதனைக் கண்டுகொண்டு, முந்தி வாங்கி விலையை ஏற்றி, உங்களுக்குப் பின் விற்று இலாபம் பார்ப்போரும் உண்டு. ஒவ்வொரு செயலுக்கும் வலையமைப்புக்குக் கூலி தரவேண்டும்; செயல் பாதியில் முறிந்தாலும் அக்கூலி திரும்புவதில்லை.

நிரலிலும் பிழை நேரலாம். கர்வ் என்னும் மையமில்லாச் சந்தையின் குளங்கள் சிலவற்றிலிருந்து 2023 ஜூலையில் பல கோடி டாலர் கொள்ளை போயிற்று. குளத்தின் நிரலை எழுதியவர்களின் தவறு அன்று அது. அந்நிரலைக் கணினி மொழிக்கு மாற்றிய வைப்பர் என்னும் கருவியின் சில பதிப்புகளில் குறை இருந்தது. திறமைசாலிகள் பலர் பார்த்தும் அக்குறை நெடுநாள் மறைந்திருந்தது. ஒரு மாணவர் தாமே நிரலைப் படித்துப் பாதுகாப்பை உறுதிசெய்துகொள்ளலாம் என்பது எத்துணைக் கடினம் என்று எண்ணிப் பாருங்கள்.

ஆகவே, ஒன்றில் நம்பிக்கை வேண்டும், மற்றொன்றில் வேண்டா என்று கூறுவது பொருந்தாது. இரண்டிலும் நம்பிக்கை வேண்டும். நம்பப்படும் பொருள் வேறுபடுகிறது. மையச் சந்தையில் மனிதரின் நேர்மையையும் அவர்களைக் கட்டுப்படுத்தும் சட்டத்தையும் நம்புகிறோம். மையமில்லாச் சந்தையில் நிரலின் செம்மையையும் நம்முடைய சொந்தக் கவனத்தையும் நம்புகிறோம். நடைமுறையில் ரூபாயைச் செலுத்தி நுழைவதற்கு மையச் சந்தையே பெரும்பாலோருக்கு வாயில். அங்கே வாங்கியதைத் தம் சொந்தச் சாவிக்கு மாற்றிக்கொண்டு, பின் மற்றச் சந்தையைப் பயன்படுத்துவோரும் உளர்.

எதைத் தேர்ந்தாலும் சில வினாக்களைக் கேட்டுக்கொள்ளுங்கள் என்பதே என் வேண்டுகோள். மையச் சந்தையாயின், அந்நிறுவனம் இந்திய அரசின் நிதிப் புலனாய்வுப் பிரிவில் பதிவு பெற்றதா? கையிருப்பைக் காட்டும் நிறுவனம் தன் கடனையும் காட்டுகிறதா? கையிருப்பை மட்டும் காட்டுவது பாதிக் கணக்கே. களவு நேர்ந்தால் நட்டம் யாருடையது என்று ஒப்பந்தம் சொல்கிறது? மையமில்லாச் சந்தையாயின், குளம் எவ்வளவு பெரியது? நிரலை யாரேனும் தணிக்கை செய்திருக்கின்றனரா? அதனை மாற்றும் அதிகாரம் எவரிடமேனும் எஞ்சியிருக்கிறதா? இச்சொல்லும் இணையமுகவரியும் உண்மையானவையா? என் சாவியைக் காக்கும் ஒழுங்கு என்னிடம் இருக்கிறதா?

சட்டத்தையும் மறக்கலாகாது. கிரிப்டோ நாணயம் இந்தியாவில் சட்டப்படி செல்லும் பணம் அன்று. 2022 ஏப்ரல் முதல் அதில் வரும் இலாபத்துக்கு நூற்றுக்கு 30 வீதம் வரி உண்டு; ஒன்றில் நேர்ந்த நட்டத்தை மற்றொன்றின் இலாபத்தில் கழித்துக்கொள்ளவும் இயலாது. ஒரு நாணயத்தைக் கொடுத்து மற்றொன்றைப் பெறுவதும் கைமாற்றமே. மையச் சந்தையில் கணக்கைப் பெரும்பாலும் நிறுவனம் எழுதித் தரும். மையமில்லாச் சந்தையில் நாமே எழுதி வைக்கவேண்டும்.

மாணவப் பருவத்தில் கையிலிருக்கும் பொருள் பெரும்பாலும் பெற்றோருடைய உழைப்பு. அதில் ஒரு ரூபாயை எங்கேனும் வைக்குமுன், “இதற்குச் சாவி யார் கையில்? அவர் தவறினால் நான் யாரிடம் சென்று கேட்பேன்?” என்னும் இரண்டு கேள்விகளுக்கு விடை காணுங்கள். விடை கிடைத்தபின் செல்வதும் செல்லாதிருப்பதும் உங்கள் அறிவின்பாற்பட்டது. விடை கிடைக்கவில்லையாயின், காத்திருப்பதால் இழப்பு ஒன்றுமில்லை.