ஒரே நெஞ்சுக்கு எத்தனை எக்ஸ்-ரே?

டொராண்டோவின் ஸ்காபரோ பகுதியிலும் பக்கத்து மார்க்கம் நகரிலும் பி.ஆர். பற்றிப் பேச்சு எழுந்தால், சற்று நேரத்தில் இந்தக் கேள்வியும் வந்துவிடும்: "மெடிக்கல் திரும்பவும் கேட்டவங்களோ?" கனடாவில் நிரந்தர வதிவிட உரிமைக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருப்பவர்களுக்கு இந்தக் கேள்வியின் கனம் தெரியும்.

தஞ்சாவூரிலிருந்து ஒரு மாணவி 2022-இல் கனடாவுக்குப் படிக்கப் போனதாக வைத்துக்கொள்வோம். ஆறு மாதத்துக்கு மேல் தங்கப் போகிறார். காசநோய் அதிகமுள்ள நாட்டிலிருந்து வருகிறார். ஆகவே விசா கிடைக்கும் முன்பே சென்னையில் மருத்துவப் பரிசோதனை. குடும்ப டாக்டரிடம் போக முடியாது. கனடா அரசு அங்கீகரித்த பேனல் டாக்டரிடம்தான் போகவேண்டும். உயரம், எடை, ரத்த அழுத்தம் பார்ப்பார்கள். சிறுநீர் எடுப்பார்கள். பதினொரு வயது ஆகியிருந்தால் நெஞ்சு எக்ஸ்-ரே உண்டு. பதினைந்து ஆகிவிட்டால் எச்.ஐ.வி., சிபிலிஸ் இரண்டுக்கும் ரத்தப் பரிசோதனையும் சேர்ந்துகொள்ளும். அறிக்கை நேராகக் கனடாவின் குடிவரவுத் துறைக்குப் போய்விடும். தகுதி உண்டா இல்லையா என்று முடிவு செய்வது அந்தத் துறை. டாக்டருக்கு அதில் பங்கில்லை.

இந்தப் பரிசோதனையின் ஆயுள் 12 மாதம். மாணவி படித்து முடித்து, வேலை பார்த்து, 2025-இல் பி.ஆர். விண்ணப்பம் போடுகிறார். பழைய விதிப்படி பார்த்தால் எல்லாம் முதலிலிருந்து: அதே எக்ஸ்-ரே, அதே ரத்தம், அதே கேள்விகள். அத்தோடும் முடியாது. கோப்பு அலுவலகத்தில் ஓராண்டுக்கு மேல் கிடந்தால் இரண்டாவது பரிசோதனையும் காலாவதி ஆகிவிடும். மூன்றாவதற்குக் கடிதம் வரும். தாமதம் அலுவலகத்துடையது, செலவு விண்ணப்பதாரருடையது. மாகாண அரசின் சுகாதாரக் காப்பீடு இதற்குப் பணம் தராது. கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள் என்றால் நான்கு பேருக்கும் கட்டவேண்டும். மணிக்கணக்கில் கூலி வாங்குபவர் ஒரு நாள் சம்பளத்தையும் இழக்கிறார்.

இதில் மருத்துவ நியாயம் எவ்வளவு? இந்தியாவில் ஒரு லட்சம் பேரில் ஏறக்குறைய 200 பேருக்கு ஆண்டுதோறும் காசநோய் வருகிறது. கனடாவில் அது 5-ஐ ஒட்டிய எண். எனவே வாசலில் ஒரு முறை சோதிப்பதில் யாரும் குறை காண முடியாது. நெஞ்சு எக்ஸ்-ரே நுரையீரலில் மூண்டுவிட்ட நோயையும் பழைய தழும்பையும் காட்டும். உடலில் உறங்கும் கிருமியைக் காட்டாது. அந்தக் கிருமி விழித்தெழும் ஆபத்து மிக அதிகமாக இருப்பது நாட்டுக்குள் வந்த முதல் சில ஆண்டுகளில்தான். அந்த ஆண்டுகளைக் கனடாவிலேயே கழித்து, அங்கே வேலைக்குப் போய், பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்து பயணம் செய்தவரை மறுபடி வாசலில் நிறுத்திச் சோதிப்பதால் பொதுச் சுகாதாரத்துக்குக் கிடைக்கும் லாபம் சொற்பம். நோய் பரவக்கூடிய காலத்தில் அவர் மக்கள் நடுவே இருந்தார். காகிதம் நகரும்போது மட்டும் அவர் எப்படிச் சந்தேகத்துக்குரியவர் ஆகிறார்?

கனடா அரசே இதை உணர்ந்தது என்பது ஆறுதல். கொரோனாக் காலத்தில் டாக்டர்களிடம் நேரம் கிடைக்காமல் கோப்புகள் தேங்கின. 2021 ஜூன் இறுதியில் ஒரு தற்காலிகச் சலுகை வந்தது: கனடாவுக்குள் வசித்துக்கொண்டே விண்ணப்பிப்பவர், கடந்த ஐந்து ஆண்டுக்குள் குடிவரவுப் பரிசோதனை முடித்து, பொதுச் சுகாதாரத்துக்கு ஆபத்தில்லை என்று தேறியிருந்தால் புதிதாக எடுக்க வேண்டியதில்லை. காசநோய்த் தழும்புக்காகச் சுகாதாரத் துறையிடம் ஆஜராகச் சொல்லப்பட்டு, அதன்படி ஆஜரானவருக்கும் இது பொருந்தும். சில முறை நீட்டிக்கப்பட்ட இச்சலுகை, 2024 அக்டோபரில் மேலும் ஐந்து ஆண்டுக்குப் புதுப்பிக்கப்பட்டது.

இது பலருக்குத் தெரிவதில்லை. தெரிந்தவர்களிடமும் பழைய பரிசோதனையின் எண் இருப்பதில்லை. பரிசோதனை முடிந்ததும் கிளினிக்கில் ஒரு தாள் தருவார்கள், ஐ.எம்.இ. எண், அதாவது குடிவரவு மருத்துவப் பரிசோதனை எண், அதில் இருக்கும். பாஸ்போர்ட்டோடு பத்திரப்படுத்தவேண்டிய தாள் அது. 2025 ஆகஸ்ட் 21 முதல், திறன் பெற்ற தொழிலாளர்கள் பி.ஆர். கேட்கும் எக்ஸ்பிரஸ் என்ட்ரி வழியிலான விண்ணப்பத்தை மருத்துவப் பரிசோதனை முடித்த பிறகே அனுப்பவேண்டும் என்று ஆகிவிட்டது. கனடாவுக்குள் இருந்து, ஐந்தாண்டுக்குள் பரிசோதனை எடுத்தவர் பழைய எண்ணையே கொடுக்கலாம். அந்த எண்ணைத் தொலைத்தவர் பாடு திண்டாட்டம்தான். ஊரில் இருக்கும் துணைவருக்கும் பிள்ளைகளுக்கும் இச்சலுகை கிடையாது. உடன் வராத பிள்ளையைக்கூட விண்ணப்பத்தில் காட்டிப் பரிசோதனைக்கு அனுப்பவேண்டும். விட்டுவிட்டால் பிற்பாடு அந்தப் பிள்ளையை ஸ்பான்சர் செய்யும் வழி அடைபடலாம்.

செலவைவிடப் பெரிய பயம் ஒன்று உண்டு. ஒருவர் ஆரோக்கியமாக வந்து, கனடாவில் உழைத்து, வரி கட்டி, அங்கேயே நோயில் விழுகிறார். மறுபரிசோதனை அதைக் கண்டுபிடிக்கிறது. சிகிச்சைச் செலவு ஒரு வரம்பைத் தாண்டினால் "மிகையான சுமை" என்று பி.ஆர். மறுக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. யார்க் பல்கலைக்கழகப் பேராசிரியர் பெலிப்பே மொன்டோயாவின் கதை வெளியே வந்ததும் இந்தச் சட்டத்தால்தான். கோஸ்டாரிக்காக்காரரான அவர் கனடாவிலேயே இருந்து விண்ணப்பித்தார். மகனுக்கு டவுன் சிண்ட்ரோம் என்பதால் குடும்பத்துக்கே பி.ஆர். மறுக்கப்பட்டது, 2016-இல் நாடு முழுதும் எழுந்த கண்டனத்துக்குப் பிறகு அமைச்சர் மனிதாபிமான அடிப்படையில் தலையிட்டார். 2018-இல் செலவு வரம்பு மூன்று மடங்காக உயர்ந்தது. சிறப்புக் கல்விச் செலவு கணக்கிலிருந்து நீங்கியது. முதலில் தற்காலிகச் சலுகையாக வந்த அந்த மாற்றம் 2022-இல் விதியிலேயே இடம்பிடித்தது.

பக்கத்து நாடான அமெரிக்கா எதிர்த்திசையில் போயிருக்கிறது. கிரீன் கார்டு வரிசையில் பல ஆண்டு நிற்கும் நம் ஐ.டி. ஊழியர்களுக்கு 2024 ஏப்ரலில் ஒரு நிம்மதி கிடைத்தது: 2023 நவம்பர் 1 முதல் டாக்டர் கையெழுத்திட்ட மருத்துவப் படிவம் காலாவதியாகாது. 2025 ஜூனில் அது மாறியது. எந்த விண்ணப்பத்தோடு படிவம் கொடுக்கப்பட்டதோ, அது நிலுவையில் இருக்கும்வரைதான் செல்லும். விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்று வேறொன்று போட்டால் பரிசோதனையும் புதிதாக எடுக்கவேண்டும். சுற்றறிக்கையில் கிடைக்கும் உரிமையை இன்னொரு சுற்றறிக்கை பறித்துக்கொள்ளும் என்பதற்கு இது கண்ணெதிரே நிற்கும் சாட்சி.

கனடாவின் சலுகைக்குப் பெயரே "தற்காலிகம்". 2029 அக்டோபரில் அது முடிகிறது. மிகையான சுமை விஷயத்தில் செய்ததையே இங்கும் செய்து, ஐந்தாண்டு விலக்கை விதிமுறையிலேயே எழுதிவிடவேண்டும். டொராண்டோ வட்டாரத்துத் தமிழ் வாக்காளர்களே, உங்கள் தொகுதி எம்.பி.யிடம் இதைக் கேளுங்கள். இன்னும் நான்கு தேர்தல் கழித்து அல்ல, இப்போதே.