மருந்து ஒன்று, வழி மூன்று

ஒற்றைத் தலைவலியை நான் நூல்களில் மட்டும் படித்தறிந்தவனல்லன். கல்லூரி நாள்தொட்டு அதனோடு வாழ்ந்துவருபவன். ஒருநாள் தேர்வுக்குப் புறப்படும் வேளையில் வலது நெற்றிப்பொட்டு துடிக்கத் தொடங்கியது. பொறுத்துப் பார்ப்போம் என்றிருந்தேன். வலி முற்றிய பிறகே மாத்திரையை விழுங்கினேன். சிறிது நேரத்தில் அது வாந்தியோடு வெளிவந்துவிட்டது. தேர்வு எழுதாமலே வீடு திரும்பினேன். இம்மருந்து பயனற்றது என்று முடிவும் கட்டினேன். பிழை மருந்தினதன்று, அதை உட்கொண்ட வழியிலும் வேளையிலும் இருந்தது என்பதைப் பின்னர் ஒரு மருத்துவர் விளக்கினார்.

இந்நோய் தலையோடு நிற்பதன்று. வலி எழும்போது இரைப்பையின் இயக்கமும் மந்தமாகிறது. மாத்திரையோ பெரும்பாலும் சிறுகுடலை அடைந்த பின்னரே குருதியிற் கலக்கிறது. இரைப்பை அதனைக் கீழே தள்ளாவிடில், விழுங்கிய மருந்து வழியிலேயே காத்துக் கிடக்கும்.

1990களில் பரவலாகப் புழக்கத்துக்கு வந்த சுமட்ரிப்டான் என்னும் மருந்தை எடுத்துக்கொள்வோம். மாத்திரையாக உண்டால் அதில் ஏறத்தாழ 15 விழுக்காடே குருதியைச் சென்றடைகிறது. தோலுக்கடியில் ஊசியாகச் செலுத்தினால் 95 விழுக்காட்டுக்கும் மேல் சேர்கிறது. ஆதலால் மாத்திரை 50 அல்லது 100 மில்லிகிராம். ஊசிக்கு 6 மில்லிகிராமே போதும். ஊசி 10 அல்லது 15 நிமிடங்களில் வேலை செய்யத் தொடங்கும்; மாத்திரைக்கு அரைமணியோ அதற்கு மேலுமோ ஆகும். மூக்கில் தெளிக்கும் மருந்து இவற்றுக்கு இடைப்பட்டது; தொண்டையில் கசப்பு இறங்குவது அதன் குறை. நாவிலே கரையும் மாத்திரைகளும் உண்டு. அவை தண்ணீரின் தேவையைத் தவிர்க்குமேயன்றி, விரைவைக் கூட்டா. அவையும் குடலுக்கே செல்லவேண்டும்.

அப்படியாயின் எல்லோருக்கும் ஊசியே சிறந்ததா? அன்று. உடற்சூடு, மார்பில் இறுக்கம் போன்ற தொல்லைகள் ஊசியில் மிகுதி. மெல்ல வளரும் வலிக்கு, அது முளைவிடும்போதே உண்ணும் மாத்திரை போதும். உறக்கத்திலிருந்து எழுப்பி, வாந்தியோடு தாக்கும் வலிக்கே ஊசியோ தெளிப்போ தேவை. இதயநோயோ பக்கவாதமோ கண்டவர்க்கு இம்மருந்து எவ்வடிவிலும் ஆகாது. மாதத்தில் 10 நாட்களோ அதற்கு மேலோ இதனை உட்கொண்டால், மருந்தே தலைவலியை வளர்த்துவிடும்.

வலி எப்பொழுது தொடங்கியது, எவ்வளவு நேரத்தில் முற்றியது, வாந்தி உண்டா என்று ஒரு குறிப்பேட்டில் எழுதி வாருங்கள். வழியைத் தேர்ந்தெடுக்க மருத்துவருக்கு அக்குறிப்பே துணை. அன்று நான் அதனை எழுதியிருந்தால், ஒரு தேர்வை இழந்திருக்கமாட்டேன்.