வரலாறு படித்தவருக்கு கொட்டேஷன் போடத் தெரியுமா? ஒரு ‘ஹெரிடேஜ் வாக்’ கணக்கு

பி.ஏ. வரலாறு முடித்தால் என்ன வேலை? டிஎன்பிஎஸ்சி, பி.எட்., நெட் தேர்வு. பெரும்பாலான வீடுகளில் லிஸ்ட் இத்தோடு முடிந்துவிடும். அருங்காட்சியகம், ஹெரிடேஜ் வாக், நிறுவன ஆவணக் காப்பகம், பாட்காஸ்ட் என்று வகுப்பறைக்கு வெளியே வரலாற்றைக் கொண்டுபோகும் வேலைகளும் இருக்கின்றன. இதற்குப் பெயர் ‘பப்ளிக் ஹிஸ்டரி’. அமெரிக்காவில் பேராசிரியர் வேலைகள் சுருங்கிய 1970-களில், கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சாண்டா பார்பரா வளாகத்தில் ராபர்ட் கெல்லி இதைத் தனிப் படிப்பாகவே தொடங்கினார். அது 1976.

நம் ஊரிலும் ஆர்வத்துக்குக் குறைவில்லை. ஆகஸ்ட் வந்தால் சென்னையில் ‘மெட்ராஸ் டே’ நடைகள் களைகட்டும். சிக்கல் பணத்தில்தான். கல்வெட்டு படிக்கச் சொல்லித்தரும் வகுப்பில் கொட்டேஷன் போட யாரும் சொல்லித்தருவதில்லை.

சரி, ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம்

சென்னையில் இருக்கும் ஒரு பட்டதாரி, மாமல்லபுரத்தில் நடை ஒன்று நடத்துகிறார் என்று வைத்துக்கொள்வோம். தலைக்கு 300 ரூபாய், 15 பேர். கையில் 4,500 ரூபாய். நுழைவுச் சீட்டு இந்தியர்களுக்கு 40 ரூபாய். அவரையும் சேர்த்து 640. பஸ், சாப்பாடு 300. தலைக்கு 30 ரூபாயில் கையேடு அச்சடிக்க 450. உதவிக்கு வரும் நண்பருக்கு 700. மிச்சம் 2,410 ரூபாய்.

பரவாயில்லையே என்று தோன்றும். ஆனால் படித்துத் தயாரிக்க 10 மணி நேரம், போக வர 4, நடை 4, வாட்ஸ்அப்பில் பதில் சொல்லவே 2. மொத்தம் 20 மணி நேரம். அதாவது மணிக்கு 120 ரூபாய்! எட்டுப் பேர்தான் வந்தார்கள் என்றால் மிச்சம் 800. மணிக்கு 40 ரூபாய்.

அதே நடையை அடுத்த மாதமும் நடத்தினால் தயாரிப்பு நேரம் மிச்சம். அதே 15 பேர், அதே கட்டணம், ஆனால் வருமானம் மணிக்கு 241 ஆகிவிடும். மாதம் ஒரு புது இடம் என்று ஓடுவதைவிட நாலு நடைகளைத் திரும்பத் திரும்ப நடத்துவதுதான் கட்டுப்படியாகும். ஆய்வு மனசுக்கு இது கொஞ்சம் போரடிக்கும், என்ன செய்வது!

இன்னொரு விஷயம். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னங்களுக்குள் காசு வாங்கிக்கொண்டு சுற்றிக்காட்ட அனுமதியோ உரிமமோ வேண்டும். 1959-ம் ஆண்டு விதிகளிலேயே இது இருக்கிறது. கட்டணம் அறிவிக்கும் முன்பே இதை முடித்துவிட வேண்டும்.

பெரிய பணம் எங்கே?

சிஎஸ்ஆர் நிதியில். ஆண்டு நிகர லாபம் 5 கோடி ரூபாயைத் தொட்டாலே ஒரு நிறுவனம் சிஎஸ்ஆர் வரம்புக்குள் வந்துவிடும். முந்தைய மூன்று ஆண்டு சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். பாரம்பரியப் பாதுகாப்பும் அந்தப் பட்டியலில் உண்டு. ஆனால், வெளி அறக்கட்டளை வழியாகச் செலவிடுவதென்றால் அதற்குப் பதிவும் மூன்று ஆண்டு அனுபவமும் இருக்க வேண்டும். புதிதாக வருபவர், ஏற்கெனவே இயங்கும் அறக்கட்டளையோடு சேர்ந்து திட்ட அறிக்கை கொடுப்பதே நடைமுறைக்கு ஒத்துவரும். அறிக்கையில் சோழர் பெருமை அரைப் பக்கம் போதும். எத்தனை பள்ளிகள், எத்தனை மாதம், எவ்வளவு செலவு என்ற அட்டவணையைத்தான் அவர்கள் முதலில் தேடுவார்கள்.

கையெழுத்துப் போடும் முன்

ஒரு நிறுவனத்தின் வரலாற்றை ஃப்ரீலான்சராக எழுதிக் கொடுத்தால் அந்த எழுத்தின் காப்புரிமை யாருக்கு? வேறு ஒப்பந்தம் இல்லையென்றால் பொதுவாக எழுதியவருக்கு. மாதச் சம்பளத்தில் இருந்து எழுதினால் நிறுவனத்துக்கு. உரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்துபூர்வமாக இருக்க வேண்டும். எத்தனை ஆண்டு என்று குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். ‘அனைத்து உரிமைகளும், நிரந்தரமாக’ என்ற வரி ஒப்பந்தத்தில் இருந்தால், கட்டணத்தை உயர்த்திக் கேட்க அதுதான் சரியான இடம்.