பழைய பேட்டரியும் புதிய பேட்டரியும்

மோட்டார் வண்டி வைத்திருப்போர் யாவருக்கும் ஒரு நாள் காலையில் வந்தே தீரும் சோதனை ஒன்று உண்டு. அலுவலகத்திற்கு நேரமாகிவிட்டது, சாவியைத் திருப்புகிறோம், இயந்திரம் முழங்குவதற்குப் பதிலாகப் பல்லி சொல்வது போன்ற ‘டிக் டிக்’ ஒலி மட்டும் கேட்கிறது. முந்தின நாள் வரையில் ஒழுங்காக ஓடிய வண்டி, வாசலை விட்டு நகர மறுக்கிறது. பெரும்பாலும் இதற்குக் காரணம் பேட்டரியே. அதை மாற்றுவதற்கு ஒரு ஸ்பானரும் அரைமணி நேரமும் போதும். ஆனால் எதை முன்னே கழற்றுவது, எதை முன்னே பூட்டுவது, கழற்றிய பழைய பேட்டரியை எங்கே அனுப்புவது என்னும் மூன்றையும் காரணத்தோடு அறிந்து செய்தல் வேண்டும். முதல் இரண்டும் நம் கைக்கும் கண்ணுக்கும் காவல். மூன்றாவது, ஊரார் வீட்டுக் குழந்தைகளுக்கும் காவல்.

பேட்டரியின் உள்ளே இருப்பது என்ன என்பதை முதலில் பார்ப்போம். பிரெஞ்சு விஞ்ஞானி காஸ்டன் பிளாண்டே என்பவர் 1859-இல் அமைத்த காரீய மின்கலத்தின் வழித்தோன்றலே இன்றும் பெரும்பாலான கார்களில் இருக்கிறது. பெட்டிக்குள் ஆறு அறைகள். ஒவ்வோர் அறையிலும் காரீயத் தகடுகளும் காரீய ஆக்ஸைடு கொண்ட தகடுகளும் மாறி மாறி நிற்கின்றன. நீர் கலந்த கந்தகத் திராவகம் அவற்றைச் சூழ்ந்திருக்கிறது. அறை ஒன்றுக்கு இரண்டு வோல்ட்டுக்குச் சற்று மேலாக, ஆறும் சேர்ந்து 12 வோல்ட் பேட்டரியாகின்றன. மின்சாரம் செலவாகும்போது இருவகைத் தகடுகளிலும் காரீய சல்பேட்டு படிகிறது. வண்டி ஓடும்போது ஆல்டர்னேட்டர் மின்சாரத்தைத் திருப்பிச் செலுத்த, அந்தப் படிவு நீங்கித் தகடுகள் பழைய நிலையை அடைகின்றன. வரவும் செலவும் ஒத்திருக்கும் வரையில் குடும்பம் நடப்பது போலப் பேட்டரியும் நடக்கும்.

குளிர் நாடுகளில் பேட்டரிக்குப் பனிக்காலமே எமன் என்பார்கள். நம் ஊரில் வெயிலே அதன் ஆயுளைக் குறைக்கிறது. குரோம்பேட்டைக்கு அண்மையிலுள்ள மீனம்பாக்கம் வானிலை நிலையத்தில் மே மாதத்தில் 40 டிகிரி செல்சியஸுக்கு மேல் வெப்பம் பதிவாவது வழக்கம். இயந்திரத்தை ஒட்டி மூடிக்குள் அடைபட்டிருக்கும் பேட்டரியின் வெப்பம் அதனினும் மிகுதி. வெப்பம் பத்து டிகிரி கூடினால் ரசாயன மாற்றங்களின் வேகம் ஏறக்குறைய இரு மடங்காகும் என்பது பொதுக் கணக்கு. தகடுகளின் அரிப்பும் நீர் ஆவியாதலும் அவ்வாறே விரைகின்றன. போதாக்குறைக்கு, ஜி.எஸ்.டி. சாலையில் பல்லாவரத்திற்கும் தாம்பரத்திற்கும் இடையே ஊர்ந்து செல்லும் குறும்பயணங்களில், ஸ்டார்ட்டர் எடுத்த மின்சாரம் முழுவதும் திரும்பி வந்து சேர்வதில்லை. ஓட்டாமலே நிறுத்தி வைத்தாலும் கேடுதான். 2020 மார்ச் இறுதியில் தொடங்கிய ஊரடங்கின்போது வாரக் கணக்கில் நின்ற வண்டிகள் பலவற்றின் பேட்டரிகள் தாமாகவே வறண்டுபோயின. ஆகவே, மூன்று நான்கு ஆண்டுகள் உழைத்த பேட்டரி நின்றுவிட்டால் அதைக் குறை கூறுவதற்கில்லை.

எனினும், பேட்டரிதான் குற்றவாளியா என்று விசாரித்த பின்னரே தண்டனை வழங்க வேண்டும். முகப்பு விளக்குகளைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்புங்கள். ஒளி மங்கிச் சுருங்கினால் பேட்டரியின் வலுக் குறைவோ, முனைகளின் தளர்ச்சியோ காரணமாகலாம். ஒளி சிறிதும் குன்றாமல் இருந்தால் குறை வேறிடத்தில் இருக்கக்கூடும். முனைகளில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருக்கும் உப்பே சில வேளைகளில் மின்சாரத்தைத் தடுத்துவிடும். சுத்தம் செய்ததும் வண்டி புறப்பட்டுவிடுவதுண்டு. வோல்ட்மீட்டர் இருந்தால் ஐயமே இல்லை. சில மணி நேரம் ஓய்ந்திருக்கும் பேட்டரி 12.6 வோல்ட் காட்டினால் நிறைவு. 12 வோல்ட்டுக்குக் கீழே இறங்கிவிட்டால் அது ஏறக்குறைய வெறுமை. இயந்திரம் ஓடும்போது பெரும்பாலான வண்டிகளில் 13.8 முதல் 14.5 வரை காட்ட வேண்டும். அவ்வாறு உயரவில்லையெனில் ஆல்டர்னேட்டரைத்தான் பார்க்க வேண்டும். அதைக் கவனியாமல் வாங்கிப் பூட்டும் புதிய பேட்டரியும் சில நாளில் படுத்துவிடும்.

புதியதை வாங்கும்போது நான்கு செய்திகளை ஒத்துப் பார்க்க வேண்டும். பெட்டியின் அளவு, ஆம்பியர்-மணி என்னும் கொள்ளளவு, நேர்முனை வலப்புறமா இடப்புறமா என்பது, தயாரித்த மாதம் ஆகியவை அவை. முனை இடம் மாறியிருந்தால் கம்பி எட்டாது. இழுத்துப் பிடித்துத் தவறான முனையில் மாட்டிவிடும் ஆசையும் தோன்றும். கடையில் நெடுநாள் கிடந்த சரக்கு, புதியது என்ற பெயரில் வரும் பழையதே.

இனி வேலையைத் தொடங்கலாம். சாவியை எடுத்துவிடுங்கள், விளக்குகள் அணைந்திருக்கட்டும், கையிலுள்ள மோதிரம், காப்பு, கடிகாரம் ஆகியவற்றைக் கழற்றி வையுங்கள். அருகில் பீடி, சிகரெட்டு, தீக்குச்சி எதுவும் வேண்டா. மின்சாரம் ஏறும்போது பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு கசியும். சிறு பொறி பட்டாலும் அது வெடித்துத் திராவகத்தை முகத்தில் தெளித்துவிடும். கண்ணாடி அணிவதும் ரப்பர் கையுறை இடுவதும் நன்று. நல்ல உடையோடு இவ்வேலையில் இறங்க வேண்டா. ஒரு துளி திராவகம் பட்ட வேட்டி அடுத்த வெளுப்பில் ஓட்டையாகிவிடும்.

முதலில் கழற்ற வேண்டியது கழித்தல் குறியிட்ட எதிர்முனை. அதன் பின்பே கூட்டல் குறியிட்ட நேர்முனை. இவ்விதி ஏன் என்று பலரும் கேட்பதில்லை. காரணம் எளிது. இக்காலத்து வண்டிகளில் எதிர்முனை வண்டியின் இரும்பு உடலோடு இணைக்கப்பட்டிருக்கிறது. அதனால், வண்டியின் உடல் முழுவதுமே எதிர்முனை என்று கொள்ளலாம். இந்நிலையில் நேர்முனையை முதலில் தளர்த்தப் போனால், ஸ்பானரின் மறுமுனை எங்கேனும் உடலில் பட்டுவிடும். அக்கணமே பல நூறு ஆம்பியர் மின்சாரம் ஸ்பானர் வழியே பாயும். இரும்பு பழுக்கும், பொறி பறக்கும். எதிர்முனையை முதலில் நீக்கிவிட்டாலோ உடலுக்கும் பேட்டரிக்கும் உறவு அறுந்துபோகிறது. பிறகு நேர்முனையில் வைத்த ஸ்பானர் உடலில் பட்டாலும் தீங்கில்லை. பூட்டும்போது இதையே தலைகீழாகச் செய்ய வேண்டும்: நேர்முனை முதலில், எதிர்முனை கடைசியில். பழைய பிரிட்டிஷ் வண்டிகள் சிலவற்றில் நேர்முனையே உடலோடு இணைந்திருந்தது; அவற்றில் அதைத்தான் முதலில் நீக்க வேண்டும். ஆகவே, உடலோடு பிணைந்த முனை முதலில் விலகி, கடைசியில் சேர வேண்டும் என்று நினைவில் வைத்துக்கொண்டால் எந்த வண்டிக்கும் பொருந்தும்.

முனைகளைக் கழற்றிய பின், பேட்டரியைப் பிடித்திருக்கும் பட்டையை நீக்கி, இரு கைகளாலும் நேராகத் தூக்குங்கள். சிறு காரின் பேட்டரியே பத்துக் கிலோவுக்கு மேல் இருக்கக்கூடும். சாய்த்தால் சிலவற்றில் திராவகம் வழியும். அடித்தட்டிலும் கம்பி முனைகளிலும் உள்ள உப்பைச் சமையற்சோடா கரைத்த நீரால் கழுவித் துடையுங்கள். திராவகத்தின் வேகத்தைச் சோடா தணித்துவிடும். நன்றாக உலர்ந்தபின் புதியதை அமர்த்தி, பட்டையை இறுக்கி, நேர்முனையையும் பின்னர் எதிர்முனையையும் பூட்டி, மேலே சிறிது வாசலைன் தடவினால் வேலை முடிந்தது. திராவகம் கண்ணில் பட்டால் ஓடும் தண்ணீரில் கால் மணி நேரத்திற்குக் குறையாமல் கழுவிக்கொண்டு மருத்துவரிடம் விரைய வேண்டும். மின்சார வண்டிகளிலும் ஹைபிரிட் வண்டிகளிலும் ஆரஞ்சு நிறக் கம்பிகள் சென்று சேரும் பெரிய பேட்டரியை வீட்டில் எவரும் தொடலாகாது. அதன் மின்னழுத்தம் உயிரைக் குடிக்க வல்லது.

இப்போது பழைய பேட்டரி திண்ணையோரத்தில் இருக்கிறது. அதன் எடையில் பாதிக்கு மேற்பட்டது காரீயம். இரசம் வைக்கும் ஈயச்சொம்பை எண்ணி இதையும் எளிதாகக் கருதிவிடக் கூடாது. அந்தச் சொம்பு வெள்ளீயத்தால் ஆவது, காரீயமோ நஞ்சு. உடலில் புகுந்தால் எலும்பில் தங்கி ஆண்டுக் கணக்கில் அகலாது. சிறு குழந்தைகளின் மூளை வளர்ச்சியை அது கெடுக்கிறது. இவ்வளவு வரை தீங்கில்லை என்று சொல்லத்தக்க அளவே அறியப்படவில்லை என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. ஆப்பிரிக்காவில் செனகல் நாட்டின் தலைநகரான தாக்காரை அடுத்த தியாரோய் என்னும் இடத்தில், பழைய பேட்டரிகளை உடைத்துக் காரீயம் எடுக்கும் தொழில் வீடுகளின் நடுவே நடந்தது. மண்ணெல்லாம் காரீயத் தூளாயிற்று. 2007 நவம்பருக்கும் 2008 மார்ச்சுக்கும் இடையில் அங்கே 18 குழந்தைகள் மாண்டனர்.

குரோம்பேட்டைவாசிகளுக்கு இக்கதையின் பொருள் எளிதில் விளங்கும். அவ்வூரின் பெயரே ஓர் உலோகத்தின் பெயர். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அங்கே அமைந்த குரோம் தோல் தொழிற்சாலையே அப்பெயருக்குக் காரணம். தோல் பதனிடும் தொழில் பலருக்குச் சோறு போட்டது. அதே தொழிலின் கழிவு நாகல்கேணிப் பகுதியின் நிலத்தடி நீரில் குரோமியத்தைச் சேர்த்தது. மண்ணில் இறங்கிய உலோகம் மக்கிப் போவதில்லை என்பது அங்கே கிணற்று நீரால் எழுதப்பட்ட பாடம்.

காரீயத்தை அவ்வாறு இறங்கவிடாமல் தடுக்க வழியுண்டு. முறையான ஆலையில் காரீயத்தை உருக்கிப் புதிய பேட்டரிக்கே மீண்டும் பயன்படுத்தலாம். இந்தியாவில் 2001-இல் வந்த விதிகளும், அவற்றுக்குப் பதிலாக 2022-இல் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளும் இதற்காகவே ஏற்பட்டவை. விற்ற பேட்டரியைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பை 2022-இன் விதிகள் உற்பத்தியாளர் மேல் சுமத்துகின்றன. பழையதைக் கொடுத்தால் புதியதன் விலையில் ஒரு தொகையைக் கடைக்காரர் குறைத்துக்கொள்வதும் வழக்கம். தெருவில் வரும் பழைய சாமான்காரர் ஐம்பதோ நூறோ கூடத் தருவதாகச் சொல்லலாம். அந்தப் பேட்டரி எந்தச் சந்தில் உடைபடும், அதன் திராவகம் எந்தச் சாக்கடையில் கலக்கும், அதன் புகையை எவர் வீட்டுப் பிள்ளை சுவாசிக்கும் என்பது நமக்குத் தெரியாது.

ஆகவே, புதிய பேட்டரிக்குப் பணம் கொடுக்கும்போதே பழையதையும் கடைக்காரரிடம் ஒப்படைத்து, அதைத் திரும்பப் பெற்றதாக ரசீதில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அந்த ரசீது கைக்கு வந்த பிறகே பேட்டரி மாற்றும் வேலை முழுமை பெற்றதாகும்.