பெயரும் எண்ணும் வழியும்

நுழையும்முன்

இணையவழி விளையாட்டில் இணைப்பு தடைப்பட்டால், ‘டி.என்.எஸ். அமைப்பை மாற்றிப் பார்’ என்னும் அறிவுரை நண்பர்களிடையே உடனே எழுகிறது. சிலருக்கு அதனால் தீர்வு கிட்டுகிறது. பலருக்கு எந்த வேறுபாடும் தெரிவதில்லை. ஒரே மருந்து ஓரிடத்தில் பலிப்பதும் மற்றோரிடத்தில் பலிக்காமற்போவதும் ஏன்? இணையத்தில் ஒரு பெயர் எவ்வாறு எண்ணாக மாறுகிறது என்பதை அறிந்தால் இவ்வினாவிற்கு விடை கிடைக்கும்.

பெயருக்குப் பின்னால் எண்

இணையத்தில் தரவை அனுப்பவும் பெறவும் ஒவ்வொரு கருவிக்கும் ஓர் எண் முகவரி வேண்டும். இதனை ஐ.பி. முகவரி என்பர். பரவலாக வழங்கும் நான்காம் பதிப்பு முகவரி, புள்ளிகளால் பிரிக்கப்பட்ட நான்கு எண்களால் ஆனது. ஒவ்வோர் எண்ணும் 0 முதல் 255 வரை அமையலாம். இம்முறையில் ஏறத்தாழ 430 கோடி முகவரிகளை உருவாக்க இயலும்.

கணினிக்கு எண் போதுமானது. மனித நினைவோ பெயரையே எளிதில் பற்றிக்கொள்கிறது. மேலும், ஒரு நிறுவனம் தன் சேவையகத்தை வேறிடத்திற்கு மாற்றினால் எண் மாறிவிடும், பெயர் மாறுவதில்லை. ஆகவே, மனிதர் பெயரைச் சொல்லவும் கணினி எண்ணை அறியவும் இடையில் ஒரு பதிவேடு தேவைப்பட்டது. அப்பதிவேடே களப்பெயர் முறைமை எனப்படும் டி.என்.எஸ். ஆகும்.

ஒற்றைக் கோப்பிலிருந்து உலகப் பதிவேட்டிற்கு

இணையத்தின் முன்னோடியான அர்ப்பாநெட் வலையமைப்பில் தொடக்கத்தில் சில நூறு கணினிகளே இருந்தன. அவற்றின் பெயர்களும் எண்களும் ஒரே கோப்பில் எழுதப்பட்டிருந்தன. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனத்தில் எலிசபெத் ஃபைன்லர் தலைமையில் இயங்கிய தகவல் மையம் அக்கோப்பைப் பேணி வந்தது. புதிய கணினி ஒன்று இணையும்போது அதன் விவரம் அம்மையத்திற்குத் தெரிவிக்கப்படும். பிறர் அனைவரும் புதிய கோப்பைப் படியெடுத்துக்கொள்வர்.

வலையமைப்பு வளர வளர இம்முறை சுமை தாங்காமல் தடுமாறியது. கோப்பு பெருத்தது, படியெடுத்த விவரங்கள் விரைவில் பழையனவாயின, ஒரே பெயரை இருவர் விரும்பும் நிலையும் தோன்றியது. 1983ஆம் ஆண்டு பால் மொக்கபெட்ரிஸ் என்னும் அறிஞர் இதற்கு மாற்றாகக் களப்பெயர் முறைமையை வடிவமைத்தார். ஒரே இடத்தில் எல்லாப் பெயர்களையும் வைத்திருப்பதற்கு மாறாக, பொறுப்பைப் பலரிடம் பகிர்ந்தளிப்பதே அவர் கண்ட தீர்வாகும். 1987இல் திருத்தி வெளியிடப்பட்ட அதன் விதிமுறைகளே இன்றும் அம்முறைமைக்கு அடித்தளமாக விளங்குகின்றன.

கேள்வி செல்லும் வழி

ஒருவர் தம் கைப்பேசியில் ஒரு விளையாட்டைத் திறந்தவுடன், அச்செயலி தனக்குரிய சேவையகத்தின் பெயரைச் சொல்லி எண்ணைக் கேட்கிறது. அக்கேள்வி முதலில் பெயர் தேடும் சேவையகம் ஒன்றைச் சென்றடைகிறது. பெரும்பாலான வீடுகளில் இணையச் சேவை வழங்கும் நிறுவனமே இதனை அமைத்துத் தருகிறது.

பெயர் தேடும் சேவையகத்திற்கு விடை தெரியாதெனில், அது பெயரை வலமிருந்து இடமாகப் படித்துத் தேடுகிறது. முதலில் மூலச் சேவையகங்களை அணுகுகிறது. இவை ஆங்கில எழுத்துவரிசையில் ஏ முதல் எம் வரை 13 பெயர்களால் அறியப்படுகின்றன; இவற்றின் படிகள் உலகின் பல நகரங்களில் இயங்குகின்றன. பெயர் ‘டாட் காம்’ என முடிந்தால், அதற்குப் பொறுப்பான சேவையகங்களை மூலச் சேவையகம் காட்டுகிறது. அவை அக்குறிப்பிட்ட பெயருக்குப் பொறுப்பான சேவையகத்தைக் காட்டுகின்றன. இறுதியில் உள்ள அதுவே உரிய எண்ணைத் தருகிறது.

கிடைத்த விடையைப் பெயர் தேடும் சேவையகம் குறிப்பிட்ட காலம்வரை நினைவில் வைத்துக்கொள்கிறது. அடுத்து வரும் ஒருவர் அதே பெயரைக் கேட்டால் தேடாமலேயே விடை தருகிறது. இவ்வாறு இருவகைச் சேவையகங்கள் இம்முறைமையில் உள்ளன. ஒன்று, கேட்போருக்காகத் தேடித் தருவது. மற்றொன்று, தன் பொறுப்பிலுள்ள பெயர்களுக்கு உறுதியான விடை தருவது. பயனர் தம் கருவியில் மாற்றக்கூடியது முதல்வகையை மட்டுமே.

விளையாட்டுக்கு முன்னும் பின்னும்

ஓர் இணையவழி விளையாட்டு ஒரே ஒரு சேவையகத்தைச் சார்ந்திருப்பதில்லை. கணக்கில் நுழைவதற்கு ஒன்று, எதிராளியைத் தேடித் தருவதற்கு ஒன்று, புதிய கோப்புகளைப் பதிவிறக்குவதற்கு ஒன்று எனப் பல சேவையகங்கள் அதற்கு வேண்டும். இவற்றிற்கெல்லாம் தனித்தனிப் பெயர்கள் உண்டு. பெயர் தேடும் சேவையகம் பழுதுற்றாலோ தவறான பழைய விடையைத் தந்தாலோ கணக்கில் நுழைய இயலாது, நண்பர் பட்டியல் வராது, பதிவிறக்கம் தொடங்காது. இத்தகைய வேளையில் வேறொரு பெயர் தேடும் சேவையகத்திற்கு மாறினால் தடை நீங்கும். டி.என்.எஸ். மாற்றம் பலிக்கும் இடம் இதுவே.

ஆட்டம் தொடங்கிய பின் நிலைமை வேறு. அப்போது சேவையகத்தின் எண் தெரிந்துவிட்டது. கருவியும் சேவையகமும் தரவுப் பொதிகளை நேராகவே பரிமாறிக்கொள்கின்றன. கவுன்டர்-ஸ்ட்ரைக் போன்ற விளையாட்டில் சேவையகம் களத்தின் நிலையை நொடிக்கு 64 முறை கணக்கிடுகிறது. அந்த ஒவ்வொரு முறையும் பெயர் கேட்கப்படுவதில்லை. வீட்டு எண்ணை ஒருமுறை அறிந்துகொண்டவர், ஒவ்வொரு முறை அவ்வீட்டிற்குச் செல்லும்போதும் அஞ்சலகத்தில் முகவரி விசாரிப்பதில்லை அல்லவா? அதைப் போன்றதே இது. ஆகவே, ஆட்டத்தின் நடுவில் உருவங்கள் திக்கித் திக்கி நகர்வதை டி.என்.எஸ். மாற்றம் சீராக்குவதில்லை.

தாமதத்தின் பிறப்பிடம்

கருவியிலிருந்து புறப்பட்ட பொதி சேவையகத்தை அடைந்து, அதன் மறுமொழி திரும்பி வரும் நேரத்தை விளையாடுவோர் ‘பிங்’ என்பர். இது மில்லி நொடியில் அளக்கப்படுகிறது. இதற்கு இயற்கையே ஓர் எல்லை வகுத்துள்ளது. கண்ணாடி இழையினுள் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் செல்கிறது. சென்னையையும் சிங்கப்பூரையும் இணைக்கும் கடலடி வடம் 3,000 கிலோமீட்டருக்கும் மேல் நீண்டது. சென்னையில் இருப்பவர் சிங்கப்பூரிலுள்ள சேவையகத்தில் விளையாடினால், போய்வர 6,000 கிலோமீட்டருக்கு மேல் ஆகும். அதற்கே ஏறத்தாழ 30 மில்லி நொடி வேண்டும். எந்த அமைப்பை மாற்றினாலும் இத்தொலைவு குறையாது.

தொலைவோடு வேறு காரணங்களும் சேர்கின்றன. வைஃபை எனப்படும் அருகலையின் அலை சுவர்களைக் கடக்கும்போது வலுவிழக்கிறது. அண்டை வீட்டு அருகலையும் அதே அலைவரிசையில் குறுக்கிடலாம். வீட்டில் ஒருவர் பெரிய கோப்பைப் பதிவேற்றும்போது, ரவுட்டர் எனப்படும் திசைவியில் பொதிகள் வரிசையில் தேங்குகின்றன. இவற்றுக்குத் தீர்வு கருவியைக் கம்பிவழி இணைப்பதும், திசைவியின் அருகில் அமர்வதும், பதிவேற்றத்தை ஒத்திவைப்பதுமே ஆகும்.

டி.என்.எஸ். மறைமுகமாகத் தாமதத்தைத் தொடும் இடமும் ஒன்று உண்டு. சில நிறுவனங்கள், கேள்வி எத்திசையிலிருந்து வருகிறது என்பதைக் கருதி, அருகிலுள்ள சேவையகத்தின் எண்ணைத் தருகின்றன. பதிவிறக்கச் சேவைகளில் இம்முறை மிகுதி. பெயர் தேடும் சேவையகம் தொலைவில் இருந்தால் தொலைவான எண் கிடைக்கலாம். எனவே, அமைப்பை மாற்றுவதால் பதிவிறக்கம் விரைவதும் உண்டு, மந்தமாவதும் உண்டு.

பழுதின் இடம் அறிதல்

நோயின் காரணத்தை அறியாமல் மருந்து தருவோர் இல்லை. அதுபோல அமைப்பை மாற்றுமுன் பழுது எங்குள்ளது என அறிதல் வேண்டும்.

ஒரே விளையாட்டு மட்டும் எல்லார்க்கும் இயங்கவில்லையெனில், பழுது அந்நிறுவனத்தின் சேவையகத்தில் உள்ளது, காத்திருப்பதே வழி. விளையாட்டோடு பல இணையத்தளங்களும் பெயர் கிடைக்கவில்லை என்னும் செய்தியைக் காட்டி, வேறு வலையமைப்பிற்கு மாறியதும் திறந்தால், பெயர் தேடும் சேவையகத்தை ஐயுறலாம். எண் முகவரியைக் கொண்டு தொடர்புகொள்ள முடிந்து, பெயரைக் கொண்டு முடியவில்லையெனில் அவ்வையம் உறுதியாகிறது. கணக்கில் எளிதாக நுழைய முடிந்து, ஆட்டத்தின்போது மட்டும் தடுமாற்றம் இருந்தால், பொதிகள் செல்லும் வழியிலோ அருகலையிலோ குறை உள்ளது. ஆட்டம் நடந்தும் நண்பரின் அழைப்போ குரலோ மட்டும் வரவில்லையெனில், ஒரு பொது முகவரியைப் பல கருவிகளுக்குப் பகிர்ந்தளிக்கும் திசைவியின் அமைப்பை நோக்க வேண்டும். இக்கடைசி இரண்டிலும் டி.என்.எஸ். மாற்றம் பயன்தராது.

அமைப்பை மாற்றும் முறை

பழுது பெயர்த் தேடலில்தான் என்று தெளிந்தபின் மாற்றம் எளிது. பழைய அமைப்பைத் தாளில் குறித்துக்கொள்வது முதற்படி. அடுத்து, கருவியின் வலையமைப்பு அமைப்புகளில் டி.என்.எஸ். என்னும் பகுதியைத் தானியங்கு நிலையிலிருந்து மாற்றி, முதன்மை எண்ணையும் துணை எண்ணையும் இட வேண்டும். கூகுள் நிறுவனம் 2009இல் தொடங்கிய பொதுச் சேவையின் எண்கள் 8.8.8.8, 8.8.4.4 என்பனவாகும். கிளவுட்ஃபிளேர் நிறுவனம் 2018இல் தொடங்கிய சேவையின் எண்கள் 1.1.1.1, 1.0.0.1 என்பனவாகும்.

விளையாட்டுக் கருவியிலோ கணினியிலோ செய்யும் மாற்றம் அக்கருவியை மட்டும் சாரும். திசைவியில் செய்யும் மாற்றம், தனக்கெனத் தனி அமைப்பு இல்லாத எல்லாக் கருவிகளையும் சாரும். ஆண்ட்ராய்டின் 9ஆம் பதிப்பு முதல் ‘தனிப்பட்ட டி.என்.எஸ்.’ என்னும் அமைப்பு உள்ளது. அதில் எண்ணுக்கு மாறாகச் சேவையின் பெயரையே இடவேண்டும். அவ்வழிச் செல்லும் கேள்விகள் மறைகுறியாக்கம் பெறுகின்றன. மாற்றியபின் கருவியை அணைத்து மீண்டும் இயக்கினால் நினைவிலிருந்த பழைய விடைகள் பெரும்பாலும் அகலும். பயன் இல்லையெனில் குறித்துவைத்த பழைய அமைப்புக்கே திரும்புதல் நன்று.

தெரிந்து தெளிவோம்

களப்பெயர்கள் நெடுங்காலம் ஆங்கில எழுத்துகளில் மட்டுமே அமைந்திருந்தன. இன்று தமிழ் எழுத்துகளிலும் உயர்நிலைக் களப்பெயர்கள் உள்ளன. ‘.இந்தியா’, ‘.இலங்கை’, ‘.சிங்கப்பூர்’ ஆகிய மூன்றும் உலகப் பெயர்ப் பதிவேட்டில் இடம்பெற்றவை.

பதிவேடு முடங்கிய நாள்

2016ஆம் ஆண்டு அக்டோபர் 21ஆம் நாள் அமெரிக்காவின் டின் என்னும் நிறுவனம் பெருந்தாக்குதலுக்கு உள்ளானது. பல புகழ்பெற்ற தளங்களின் பெயர்களுக்கு உறுதியான விடை தரும் பொறுப்பை அந்நிறுவனம் ஏற்றிருந்தது. மிராய் வகைத் தீநிரல், கண்காணிப்புக் கேமராக்கள் முதலிய வீட்டுக் கருவிகளைக் கைப்பற்றி, அவற்றின் வழியே எண்ணற்ற போலிக் கோரிக்கைகளை அனுப்பியது. ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ், பிளேஸ்டேஷன் வலையமைப்பு ஆகியவற்றைப் பலரால் அணுக இயலவில்லை. தளங்களின் சேவையகங்கள் இயங்கிக்கொண்டுதான் இருந்தன. அவற்றின் எண்ணைச் சொல்வதற்குத்தான் எவரும் இல்லை. பழுது விடை தரும் இடத்தில் இருந்ததால், பெயர் தேடும் சேவையகத்தைப் பயனர் மாற்றினாலும் பெரும்பாலும் பயன் விளையவில்லை.

இதன் பின்னணி சிந்திக்கத்தக்கது. 2020 டிசம்பரில் ஒருவர் இக்குற்றத்தை ஒப்புக்கொண்டதாக அமெரிக்க நீதித்துறை அறிவித்தது. குற்றம் நிகழ்ந்தபோது அவர் வயது நிரம்பாதவர். பிளேஸ்டேஷன் விளையாட்டு வலையமைப்பை முடக்குவதே அவரும் கூட்டாளிகளும் கொண்ட நோக்கமாக இருந்தது. ஒரு விளையாட்டுத் தளத்தை நோக்கி ஏவப்பட்ட தாக்குதல், விளையாட்டோடு தொடர்பே இல்லாத மக்களின் செய்தியையும் வணிகத்தையும் தடுத்துவிட்டது.

யாரிடம் கேட்பது?

பெயர் தேடும் சேவையகத்தைத் தேர்ந்தெடுப்பது நம்பிக்கை சார்ந்த செயலும் ஆகும். ஒருவர் எந்தெந்தத் தளங்களை நாடுகிறார் என்பது அச்சேவையகத்திற்குத் தெரியும். அது பொய்யான எண்ணைத் தந்தால் பயனர் போலித் தளத்தில் சென்று நிற்பார். டி.என்.எஸ். சேஞ்சர் என்னும் தீநிரல் இதனையே செய்தது. உலகெங்கும் ஏறத்தாழ 40 லட்சம் கணினிகளின் டி.என்.எஸ். அமைப்பை அது கள்ளத்தனமாக மாற்றியது. 2011 நவம்பரில் அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ. அக்கும்பலின் செயலை முறியடித்தது. கள்ளச் சேவையகங்களை உடனே நிறுத்தினால் பாதிக்கப்பட்டோர் இணையத்தையே இழப்பர். ஆதலால், நேர்மையான சேவையகங்கள் அவற்றின் இடத்தில் வைக்கப்பட்டு, 2012 ஜூலை 9 வரை இயக்கப்பட்டன.

விளையாட்டை விரைவாக்கும் என்று கூறி, அறியாதவர் தரும் எண்ணையோ செயலியையோ ஏற்பது இவ்வாறான இடருக்கு வழிவகுக்கும். டி.என்.எஸ். அமைப்பில் உள்ள எண், ஒவ்வொரு பெயருக்கும் எந்தக் கதவைத் தட்டுவது எனக் கருவிக்குச் சொல்லும் வழிகாட்டியின் முகவரி. வழிகாட்டி வழி தவறும்போது அவரை மாற்றுவது தகும். சாலையில் நெரிசல் என்பதற்காக வழிகாட்டியை மாற்றுவதால் பயணம் விரைவதில்லை. இவ்வேறுபாட்டை உணர்ந்தவர் பழுதையும் விரைவில் நீக்குவர். தம் தகவலையும் காத்துக்கொள்வர்.

கற்பவை கற்றபின்...

1. இணைய இணைப்பில் தோன்றும் மூவகைத் தடைகளைக் குறிப்பிட்டு, அவற்றுள் டி.என்.எஸ். மாற்றத்தால் நீங்குவது எது என்பதைக் காரணத்துடன் எழுதுக.

2. ‘ஒற்றைக் கோப்பும் பகிர்ந்தளித்த பதிவேடும்’ என்னும் பொருளில் வகுப்பில் உரையாடுக.