வளர்ப்பு நாயும் உணவின் அளவும்

மனிதனோடு கூடி வாழப் பழகிய விலங்குகளுள் நாயே மிகத் தொன்மையானது. அலைந்து திரிந்து இரை தேடிய அவ்விலங்கு, இன்று உணவுக்கு வீட்டாரின் கையையே எதிர்பார்த்து நிற்கின்றது. எதனை உண்பது, எப்பொழுது உண்பது, எவ்வளவு உண்பது என்னும் மூன்றையும் தீர்மானிப்பவன் அதனை வளர்ப்பவனே. திருக்குறளின் 'மருந்து' என்னும் அதிகாரம், உணவின் அளவை நோயற்ற வாழ்வுக்கு அடிப்படையாக வைக்கின்றது. மனிதன் அவ்வளவைத் தனக்காக அறிதல் வேண்டும். தன்னை நம்பி வாழும் நாய்க்காகவும் அறிதல் வேண்டும்.

கொழுத்த நாய் அன்போடு வளர்க்கப்பட்ட நாய் என்பது பலரின் எண்ணம். இவ்வெண்ணம் எத்துணைப் பிழையானது என்பதை ஓர் ஆராய்ச்சி தெளிவாக்கியது. அமெரிக்காவில் 1987ஆம் ஆண்டில் 48 லாப்ரடோர் நாய்க்குட்டிகளை, ஓர் ஈற்றுக் குட்டிகள் இணையாகுமாறு, 24 இணைகளாகப் பிரித்தனர். ஒவ்வோர் இணையிலும் ஒன்றுக்கு அளித்த உணவில் நான்கில் மூன்று பங்கே மற்றதற்கு வாழ்நாள் முழுவதும் அளிக்கப்பட்டது. முடிவுகள் 2002இல் வெளியாயின. கூடுதலாக உண்டவற்றுள் பாதி நாய்கள் 11.2 வயதுக்குள் இறந்தன. குறைவாக உண்டவற்றுக்கு அவ்வெல்லை 13 வயதாயிற்று. மூட்டு நோய்க்கு மருத்துவம் வேண்டிய காலமும் பிந்தியது. கூடுதலாக உண்டவை நடக்கவியலாது பருத்தவை அல்ல, சற்றே பருத்தவைதாம். அச்சிறு பருமனின் விலையே ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள்.

மிகுந்த எடை மூட்டுக்களை நோகச் செய்கின்றது; மூச்சையும் தடுக்கின்றது. இளைத்து மூச்சுவிட்டே உடலைக் குளிர்விக்கும் நாய்க்கு, வெப்ப நாடுகளில் இது பெருந்துன்பமாகும்.

நாயின் உடல்நிலையை அறியத் தராசு மட்டும் போதாது. கண்ணும் கையும் வேண்டும். விலாவிற் கையை மெல்ல வைத்தால், அழுத்தாமலே விலாவென்புகள் தட்டுப்படல் வேண்டும். மேலிருந்து நோக்கின் இடை ஒடுங்கியும், பக்கத்திலிருந்து நோக்கின் வயிறு பின்னோக்கி மேலேறியும் தோன்றல் வேண்டும். மிருக வைத்தியர்கள் இவற்றைக் கொண்டு 1 முதல் 9 வரை புள்ளியிடுவர். 4 அல்லது 5 நன்னிலையாகும்.

எடையைக் குறைக்க முற்படுமுன் மிருக வைத்தியரை அணுகுதல் நன்று. தைரொயிட்டுச் சுரப்பியின் குறைபாட்டாலும் உடல் பருக்கலாம். பின்னர் உணவைக் கண்மதிப்பாக இடாது, நிறுத்தே இடுதல் வேண்டும். பிஸ்கற்று முதலிய இடைத்தீனிகள் ஒரு நாளைய உணவாற்றலிற் பத்திலொரு பங்கைத் தாண்டலாகாது. தந்தை ஒரு துண்டும், பிள்ளை ஒரு துண்டும், பாட்டி ஒரு கவளமுமாக ஒருவர் அறியாமல் ஒருவர் ஊட்டும் வீட்டில் எவ்வளவு நிறுத்திட்டும் பயனில்லை. வாரத்துக்கு உடலெடையில் நூற்றுக்கு ஒன்று முதல் இரண்டு பங்கு குறைவது தக்கது; 20 கிலோகிராம் நாய்க்கு இது 200 முதல் 400 கிராம் ஆகும். நடையையும் படிப்படியாகக் கூட்டலாம். ஆயினும் உணவைக் குறைக்காது நடையால் மட்டும் எடை குறைதல் அரிது. பூனையைப் பட்டினியிடுதல் ஒருபோதும் ஆகாது. பருத்த பூனை சில நாட்கள் உண்ணாதிருப்பின், ஈரலிற் கொழுப்புப் படிந்து உயிருக்கே கேடு விளையலாம்.

இவற்றுள் அரியது நாயின் பார்வையைத் தாங்குதலே. உணவுண்ணும் இடத்தில் வந்து நின்று ஏங்கி நோக்கும் நாயைக் கண்டு இரங்காதார் இலர். அப்பசி எப்பொழுதும் பொய்யுமன்று. லாப்ரடோர் நாய்களுள் ஏறக்குறைய நான்கிலொரு பங்கினவற்றில், பசியை அடக்குவதிற் பங்குகொள்ளும் பரம்பரையலகு ஒன்றின் சிறு பகுதி இல்லை என்பதைக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர் 2016இல் வெளியிட்டனர். அத்தகைய நாய் உண்ட பின்னரும் விரைவிற் பசிக்கின்றது. அதனைப் பேராசையுடையதெனப் பழித்தல் தகாது. அது கேட்டவாறெல்லாம் ஊட்டுதலும் தகாது. அதே அளவு உணவைப் பல வேளைகளாகப் பகுத்து இடலாம். கேட்டு நிற்கும்போது தடவிக் கொடுக்கலாம். வெளியே அழைத்துச் செல்லலாம்.

தனக்கு ஏன் குறைவாக இடப்படுகின்றது என்பதை நாய் ஒருநாளும் அறியாது. அறிந்தவன் அதன் பொருட்டுத் தன் மனத்தை உறுதிசெய்து கொள்ளல் வேண்டும். இன்று மறுக்கும் ஒரு கவளம், அது முதுமையில் நோவின்றி எழுந்து நடத்தற்குத் துணையாகும்.