ஆட்டத்தில் இல்லாத 75,000 பேர்

வீட்டு டிவியில் குவாய் நதிப் பாலத்தருகே துப்பாக்கிச் சண்டை நடக்கிறது. அந்த ரயில் பாதைக்கு மண் சுமந்து மடிந்த தமிழர்கள் மட்டும் திரையில் இல்லை.

தென் தில்லியின் லக்ஷ்மிபாய் நகரைச் சுற்றி நடப்பவர்களுக்கு ஒரு பழைய போரின் பெயர்கள் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும். மத்திய அரசு ஊழியர்களின் இந்தக் குடியிருப்பு ஜான்சி ராணியின் பெயரைத் தாங்கியது. அருகில், முருங்கைக்காயும் அப்பளமும் தேடித் தென்னிந்தியக் குடும்பங்கள் போகும் கடைவீதியின் பெயர் ஐஎன்ஏ மார்க்கெட். ஐஎன்ஏ என்பது சுபாஷ் சந்திர போஸ் தலைமை தாங்கிய இந்திய தேசிய ராணுவம். சற்றுத் தள்ளி அவர் பெயரிலேயே நேதாஜி நகர். தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளி ஒன்றும் லக்ஷ்மிபாய் நகரில் இருக்கிறது.

பெயர்கள் பழகிவிட்டன. ஆனால் அவற்றுக்குப் பின்னால் இருக்கும் தென்கிழக்காசியப் போரை 2000க்குப் பிறகு வளர்ந்த நகரத்துப் பிள்ளைகள் பலர் முதலில் சந்தித்தது பாடப் புத்தகத்தில் அல்ல, பாலிகா பஜாரில் விசாரித்து வாங்கிய ஒரு வீடியோ கேம் தட்டில்.

'மெடல் ஆஃப் ஹானர்: ரைசிங் சன்' அப்படிப்பட்ட ஆட்டம். அமெரிக்காவின் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனம் 2003 நவம்பரில் பிளேஸ்டேஷன் 2, எக்ஸ்பாக்ஸ், கேம்கியூப் ஆகிய கருவிகளுக்காக வெளியிட்டது. இந்த வரிசையின் முதல் ஆட்டம் 1999இல் வந்தது. அதன் மூல யோசனை ஹாலிவுட் இயக்குனர் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க்குடையது. 'ரைசிங் சன்' ஆட்டத்தில் ஆடுபவர் ஜோசப் கிரிஃபின் என்ற அமெரிக்க மரீன் வீரராகிறார். 1941 டிசம்பர் 7 அன்று பேர்ல் ஹார்பரில், குண்டு விழும் கலிபோர்னியா போர்க்கப்பலின் உள்ளே கண் விழிக்கிறார். பிறகு பிலிப்பைன்ஸ், குவாடல்கனால், சிங்கப்பூர். கடைசிக் கட்டங்களில் ஒன்றின் பெயர் குவாய் நதிப் பாலம்.

இவ்வகை ஆட்டத்தின் கவர்ச்சி அதன் இலக்கணத்தில் இருக்கிறது. கதாநாயகன் திரையில் தெரிவதில்லை. தெரிவது அவன் கையும் துப்பாக்கியும் மட்டுமே. அவன் கண்தான் ஆடுபவரின் கண். தமிழ் இலக்கணத்தில் சொன்னால் இது தன்மை இடம். எதிரே வருபவர் எல்லாம் சுடப்பட வேண்டியவர் அல்லது காப்பாற்றப்பட வேண்டியவர். இந்த இரண்டிலும் சேராத ஒருவர் அந்தக் காட்டில் இருந்திருந்தால், ஆட்டத்துக்கு அவரால் பயனில்லை.

அந்தக் காட்டில் அப்படி இருந்தவர்கள் லட்சத்துக்கும் மேல். பர்மாவிலிருந்த தன் படைக்குக் கடல் வழியாகத் தளவாடம் அனுப்புவது ஜப்பானுக்கு ஆபத்தாகிவிட்டது. நேச நாடுகளின் நீர்மூழ்கிகள் காத்திருந்தன. எனவே தாய்லாந்தின் பான்போங்கிலிருந்து பர்மாவின் தான்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட 1942இல் தீர்மானித்தது. மலையைக் குடைந்து, காட்டை வெட்டி, 1943 அக்டோபரில் வேலை முடிந்தது. இதற்குக் கொடுத்த விலை பயங்கரமானது. 60,000க்கும் மேற்பட்ட பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, டச்சு, அமெரிக்கப் போர்க் கைதிகளில் 12,000 பேருக்கு மேல் மாண்டார்கள். ஆசியத் தொழிலாளர்களில் மாண்டவர்கள் ஏறத்தாழ 90,000 பேர் என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு.

இந்தத் தொழிலாளர்களில் சுமார் 75,000 பேர் மலேயாவிலிருந்து போனவர்கள். பெரும்பாலானோர் ரப்பர் தோட்டத் தமிழர்கள். போர் வந்ததும் ரப்பர் ஏற்றுமதி நின்றது. தோட்டங்களில் வேலையும் இல்லை, அரிசியும் இல்லை. கூலியும் சாப்பாடும் உண்டு என்ற பேச்சை நம்பி முதலில் பலர் ரயில் ஏறினார்கள். போனவர்கள் திரும்பாத செய்தி பரவியதும் ஆள்பிடிப்பு தொடங்கியது. 1943 மழைக்காலத்தில் காலரா முகாம்களை வாரிக்கொண்டு போனது.

கைதிகளைவிடத் தொழிலாளர்கள் அதிகம் இறந்ததற்குக் காரணம் உண்டு. கைதிகளிடையே ராணுவ அதிகாரிகளும் டாக்டர்களும் இருந்தார்கள். தண்ணீரைக் காய்ச்சச் சொல்லவும், கழிப்பிடத்தைத் தள்ளி வெட்டச் சொல்லவும் ஆள் இருந்தது. தோட்டத்திலிருந்து வந்தவர்களுக்கு அது எதுவும் இல்லை.

அவர்கள் மறக்கப்பட்டதற்கும் ஏறக்குறைய அதே காரணம்தான். கைதிகள் திருட்டுத்தனமாக டைரி எழுதினார்கள், படம் வரைந்தார்கள், ஊர் திரும்பிப் புத்தகம் போட்டார்கள். தாய்லாந்தின் காஞ்சனபுரி போர்க் கல்லறையில் சுமார் 7,000 கைதிகள் வரிசையாக அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். எழுதப் படிக்கத் தெரியாத தொழிலாளி செத்த இடத்திலேயே புதைக்கப்பட்டார். பெரும்பாலோருக்குக் கல்லும் இல்லை, பெயரும் இல்லை.

விளைவு, நினைவிலிருந்து நினைவு பிறந்தது. 1952இல் பிரெஞ்சு எழுத்தாளர் பியர் பூல் நாவல் எழுதினார். 1957இல் டேவிட் லீன் அதைப் படமாக்கினார். இலங்கையின் கித்துல்கலையில் படமான அந்தக் கதையிலும் மையம் பிரிட்டிஷ் கைதிகளே. படத்தில் மரப் பாலம் வெடித்துச் சிதறுகிறது. நிஜப் பாலம் இரும்பாலானது. நேச நாட்டு விமானங்களின் குண்டுவீச்சில் சேதமடைந்து, பழுது பார்க்கப்பட்டு, இன்றும் ரயிலைத் தாங்குகிறது. அது நின்றது குவாய் நதியிலும் அல்ல, மே குளோங் நதியில். படம் பார்த்துத் தேடி வந்த பயணிகளுக்காக 1960இல் நதியின் பெயரே மாற்றப்பட்டது. 2003இல் ஆட்டத்தைத் தயாரித்தவர்கள் அந்தப் புகழை வாங்கிக்கொண்டார்கள்.

விளையாட்டு என்ன, சரித்திர வகுப்பா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். மண் சுமப்பதை யார் ரசித்து ஆடுவார்கள்? ஆனால் போலந்தில் உருவாகி 2014இல் வெளிவந்த 'திஸ் வார் ஆஃப் மைன்' ஆட்டத்தில் ஆடுபவர் வீரர் அல்ல. முற்றுகையிடப்பட்ட நகரில் மருந்துக்கும் உணவுக்கும் அலையும் சாதாரண மக்களில் ஒருவர். பின்னர் அது கன்சோல்களுக்கும் வந்தது. அதைப் பள்ளி வாசிப்புப் பட்டியலில் சேர்ப்பதாக 2020இல் போலந்து அரசு அறிவித்தது. ஆக, குறை கருவியில் இல்லை. யாருடைய கண்ணால் பார்ப்பது என்ற தேர்வில் இருக்கிறது.

தமிழ் இதை முழுக்க மறந்துவிடவில்லை. மலேசிய எழுத்தாளர்கள் ஆர்.சண்முகம் 'சயாம் மரண ரயில்' நாவலையும், அ.ரெங்கசாமி 'நினைவுச் சின்னம்' நாவலையும் எழுதினார்கள். 2023இல் காஞ்சனபுரியில் இந்தத் தமிழர்களுக்காக ஒரு நடுகல் எழுப்பப்பட்டது. ரயில் பாதை முடிந்து 80 ஆண்டுகள் கழித்து.

லக்ஷ்மிபாய் நகருக்கு இந்தக் கதை தூரத்துச் சொந்தம் அல்ல. ரயில் பாதை முடிந்த அதே 1943 அக்டோபரில் சிங்கப்பூரில் ஐஎன்ஏவின் ஜான்சி ராணிப் படைக்குப் பயிற்சி முகாம் திறந்தது. தலைமை ஏற்றவர் சென்னையில் பிறந்த டாக்டர் லக்ஷ்மி சுவாமிநாதன், பின்னாளின் கேப்டன் லக்ஷ்மி சாகல். துப்பாக்கி பிடித்த பெண்களில் பலர் மலேயா ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள். தோட்டத்துப் பெண் ராணியின் பெயரில் படையில் சேர்ந்தாள். தோட்டத்து ஆண் மண்வெட்டியோடு சயாமுக்குப் போனான். ராணியின் பெயரும் ஐஎன்ஏவின் பெயரும் தில்லிக் குடியிருப்புகளின் பெயர்ப் பலகைகளில் நிலைத்துவிட்டன. மண்வெட்டிக்குப் பலகை இல்லை.

பிள்ளைகள் கையிலிருந்து ஆட்டத்தைப் பிடுங்குவதால் எதுவும் சரியாகிவிடப் போவதில்லை. பாலம் திரையில் வரும்போது, அறையில் இருக்கும் பெரியவர் ஒருவர் அதை யார் கட்டினார்கள் என்று சொன்னால் போதும். ஆட்டத்தைச் சற்று நிறுத்தி வைக்கக் கருவியிலேயே ஒரு பொத்தான் இருக்கிறது.